முன்சக்கரமா பின்சக்கரமா: சண்டைக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு வாகனப் பக்கத்தில் வேகக் கார்கள் பற்றி வந்த கட்டுரையையும் அதற்கு அடுத்த வாரம் வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். பின்சக்கரம் தள்ளாத கார் ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்கிறார் ஒருவர். முன்சக்கரம் இழுக்கிற கார் இருக்க, பின்சக்கரக் காருக்கு இரண்டு மடங்கு காசு கொட்டிக் கிட்டத்தட்ட அதே வேகத்தை வாங்குகிறவர்கள் ஏமாளிகள் என்கிறார் இன்னொருவர். முதலாமவர் ஓட்டும் சுகத்தைப் பேசுகிறார், இரண்டாமவர் கடிகாரத்தைப் பேசுகிறார், ஆனால் இருவரும் ஒரே வழக்கில் வாதாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குழப்பம் கார் ஆர்வலர்கள் நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கடிகாரம். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று ஒரு பழைய பந்தயப் பாதை, ஒரு சுற்று 20.832 கிலோமீட்டர், காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து போகும். 2023இல் அங்கே முன்சக்கர இயக்கக் காரான, அதாவது என்ஜின் சக்தி முன்சக்கரத்துக்குப் போகிற, ஹோண்டா சிவிக் டைப் ஆர் 7 நிமிடம் 44.881 நொடியில் சுற்றி வந்தது. அதே ஆண்டு பின்சக்கர பிஎம்டபிள்யூ எம்2 எடுத்துக்கொண்டது 7 நிமிடம் 38.706 நொடி. ஆறு நொடி வித்தியாசம். ஹோண்டாவில் நாலு சிலிண்டர், இரண்டு லிட்டர், 329 குதிரைத்திறன். எம்2வில் ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர், 460. பார்த்தீர்களா, 130 குதிரை அதிகம் வைத்துக்கொண்டு ஆறு நொடிதானா என்று முன்சக்கரக்காரர்கள் குதிப்பார்கள். எம்2 ஹோண்டாவைவிடச் சுமார் 300 கிலோ கனம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பின்சக்கரக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா, 2025இல் எம்2 சிஎஸ் ஏழரை நிமிடத்துக்குள் வந்துவிட்டதே என்று அடுத்த அட்டையை இறக்குவார்கள், அது 530 குதிரைத்திறன் கார் என்பதை விழுங்கிவிட்டு. இப்படி ஆளுக்கொரு எண்ணைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் இந்தச் சண்டை எந்தக் காலத்திலும் முடியாது. இன்னொன்று, 2023இன் அந்த இரண்டு நேரங்களுமே பந்தயப் பாதைக்கென்றே செய்த மாதிரியான ஒட்டும் டயர்களில் எடுத்தவை. நம் ஊரில் கடையில் கிடைக்கிற சாதாரண டயரைப் போட்டுவிட்டு அந்த எண்ணைச் சொல்லிப் பெருமையடிப்பதில் ஒரு பொருளும் இல்லை.

ஆனாலும் முன்சக்கர வண்டி அந்த 7:44க்கு வந்து சேர்ந்த கதை சாதாரணமானது இல்லை. முன்சக்கரத்தில் 200 குதிரைக்கு மேல் கொடுத்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது என்று ஒரு காலத்தில் அனுபவசாலிகளே சொல்வார்கள். காரணமும் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டியின் கனம் பின்னால் சாய்கிறது, அதாவது இழுக்க வேண்டிய முன் டயரின் பிடி சரியாக அந்த நேரம் பார்த்துக் குறைகிறது. அதே டயர்தான் வண்டியைத் திருப்பவும் வேண்டும். மதிய நேர ஓட்டலில் ஒரே ஆள் கல்லாவிலும் உட்கார்ந்து பந்தியும் பரிமாறுகிற நிலைமைதான், இரண்டில் ஒன்று கட்டாயம் சொதப்பும். போதாக்குறைக்கு என்ஜின் குறுக்கே உட்கார்ந்து கியர்பாக்ஸ் ஒரு பக்கம் ஒதுங்குவதால் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் இடது வலது டிரைவ் ஷாஃப்ட்கள் ஒரே நீளம் இருப்பதில்லை, முழுசாக மிதித்தால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். டார்க் ஸ்டியர் என்பார்கள். பழைய டர்போ கார் ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதை ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பாகம் டிஃபரன்ஷியல். 1995இல் ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் அதில் லிமிடெட் ஸ்லிப் என்ற வகையோடு வந்தது, வளைவின் உள்பக்க டயர் வெறுமனே சுழன்று சக்தியை வீணடிப்பதை அது தடுத்தது. 2009இல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 305 குதிரையை முன்சக்கரத்துக்கே அனுப்பியது. 2015 சிவிக் டைப் ஆரில் ஸ்டியரிங் திரும்பும் அச்சை சஸ்பென்ஷனிலிருந்து பிரித்துச் சக்கரத்தின் நடுவுக்கு அருகில் கொண்டுவந்து, இழுப்பை ரொம்பவே குறைத்துவிட்டார்கள். இவ்வளவு வேலையும் தெரிந்த ஒருவர் முன்சக்கரக் காரை மளிகை வாங்கப் போகிற வண்டி என்று கிண்டலடிக்க மாட்டார்.

சரி, சுகத்துக்கு வருவோம். இதில் நான் பின்சக்கரக்காரர்கள் பக்கம். திருப்புகிற வேலை முன்னுக்கு, தள்ளுகிற வேலை பின்னுக்கு என்று பிரிந்திருந்தால் ஸ்டியரிங் சுத்தமாகப் பேசும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வண்டியின் கோணத்தையே மாற்றலாம், அந்த ருசி ஒருமுறை பிடித்துவிட்டால் விடாது. நண்பர் ஒருவரின் பழைய பின்சக்கர பிஎம்டபிள்யூ 330ஐயைக் கொல்லிமலையில் ஓட்டியிருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வளைவை விட்டு வெளியே வரும்போது கனம் பின் டயரில் உட்கார, வண்டி நம்மை முதுகில் கை வைத்துத் தள்ளும். என் முன்சக்கர வண்டி அதே இடத்தில், அதுவும் மழை ஈரத்தில், உள்பக்க டயரைச் சுழற்றிக்கொண்டு மூக்கை வெளிப்பக்கம் நீட்டும். அதற்காக நான் வண்டியை மாற்றப் போவதில்லை, காலைக் கொஞ்சம் பொறுமையாக வைத்தால் போதும். அப்புறம் இறக்கத்தில், தெரியாத சாலையில், இரவில் என்றால் என் வண்டியைத்தான் எடுப்பேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்தச் சுகத்தைப் பேசுகிற எல்லோரும் அதை உணர்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2010 வாக்கில் பிஎம்டபிள்யூ தலைவரே ஒரு விஷயத்தை வெளியில் சொன்னார்: தங்கள் 1 சீரிஸ் வைத்திருப்பவர்களில் 80 சதவீதம் பேர் அது முன்சக்கர இயக்கம் என்று நினைக்கிறார்களாம். அது அப்போது பின்சக்கரக் கார்! அந்தக் காரையே 2019இல் முன்சக்கரத்துக்கு மாற்றியும் விட்டார்கள். நம் ஊர்க் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் பின்சக்கர 3 சீரிஸும் செய்திருக்கிறார்கள், முன்சக்கர 2 சீரிஸ் கிரான் கூபேயும் செய்திருக்கிறார்கள், இரண்டிலும் ஒரே சின்னம். பின்சக்கரப் பெருமை பேசும் நண்பர்கள் பலர் ஆசையாக வாங்குகிற எம்340ஐயும் அங்கே பூட்டப்படுவதுதான், அது நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற எக்ஸ்டிரைவ் கார். இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

விலை விஷயத்தில் முன்சக்கரக்காரர்களின் மனத்தாங்கல் நியாயமானது. 2025இல் முன்சக்கரக் கார்களில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 150 கார்கள் மட்டும் ரூ.52.99 லட்சத்துக்கு வந்து தீர்ந்தும் போயின, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 100 கார்கள், ரூ.49.99 லட்சம். இரண்டுக்கும் 265 குதிரைத்திறன், இரண்டிலும் முன் அச்சில் மின்னணு டிஃபரன்ஷியல் பூட்டு. எம்2வுக்கு ஏறத்தாழ ஒரு கோடி வேண்டும். பாதி விலைக் காரில் வந்தவனை இளக்காரமாகப் பார்ப்பதும், அதற்குப் பதிலாக அவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் துரத்திக் காட்டுவதும் தொடர்ந்து நடக்கிறது. மீனவர் வண்டியும் பால் வண்டியும் சைக்கிளில் பயிற்சிக்குப் போகிறவர்களும் இருக்கிற சாலை அது. அங்கே இரண்டு கார்களும் தத்தம் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை, நேர்க்கோட்டில் யார் முதலில் மிதித்தான் என்பது மட்டும்தான் தெரியவரும். எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இருதரப்பும் மோதி யார் மேல் என்று பார்க்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு வகையும் ஒரே வரிசையில் நின்று புறப்படுகின்றன. புறப்பாட்டு விளக்கு அணைந்ததும் பின்சக்கரக் கார்கள் நன்றாகக் கிளம்பும். குளிரில் முதல் சுற்றுகளிலேயே முன் டயரைச் சூடாக்கிக்கொண்டு முன்சக்கரக் கார்கள் துரத்தும். ஆஷ் சட்டன் 2017இல் சுபாரு லெவோர்க்கிலும் 2020, 2021இல் இன்ஃபினிட்டி க்யூ50யிலும் பட்டம் வென்றார், மூன்றும் பின்சக்கரத்தில். 2023இல் முன்சக்கர ஃபோர்டு ஃபோகஸில் உட்கார்ந்தார், அதிலும் பட்டம். 2022இல் டாம் இங்ரம் ஹூண்டாய் ஐ30 என்னில், அதாவது முன்சக்கரத்தில். 2024இல் ஜேக் ஹில் பிஎம்டபிள்யூவில், பின்சக்கரத்தில். 2025இல் மறுபடி இங்ரம். விதிகளைப் போட்டிக்காரர்களுக்கு இடையே சமமாக வைக்க அமைப்பாளர்கள் மெனக்கெடுகிறார்கள் என்பதும் உண்மைதான், அதனால் இதை ஆய்வகச் சோதனை என்று சொல்ல மாட்டேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை. முன்சக்கர ஃபோக்ஸ்வாகன் போலோக்களும், ஸ்விஃப்ட் என்ஜினை முதுகில் சுமந்து பின்சக்கரத்தால் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா என்கிற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களும் அதே தாரில்தான் ஓடியிருக்கின்றன. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயப் பாதையும் அப்படியே. இரண்டு வகைக் கார்களையும் ஓட்டிப் பழகிய பையன்களிடம் போய் எது உசத்தி என்று கேட்டால், டயர் எப்படி இருந்தது என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

உங்களிடம் என் கோரிக்கை இதுதான். வாகனப் பக்கத்தில் இரண்டு கார்களை ஒப்பிடும்போது எடை எவ்வளவு, எந்த டயர், டிஃபரன்ஷியல் எந்த வகை, எந்தப் பாதையில் யார் ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தய முடிவுகளை இரண்டு வரியில் முடிக்காமல் சுற்று நேரங்களோடு கொடுங்கள். இடம் போதவில்லை என்றால் சன்ரூஃப் பற்றி எழுதுகிற பத்தியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.