அங்கோலாவிலும் வெண்டைக்காய் பறிக்கிறார்கள்

பேட்டன் ரூஜ், லூசியானா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். முருகன் கிணற்று மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டான் என்றும், இனிச் சித்தப்பாவின் முகத்துக்காகப் பார்க்காமல் புகார் கொடுத்து அவனை உள்ளே தள்ளப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லுமுன் இங்கே நான் கண்டதைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பாட்டியை அம்மாவுக்குத் தெரியும். இந்தியன் என்றால் மருத்துவன்தான் என்று முடிவுகட்டி, நான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன் என்று தெரிந்த பிறகும் என்னை டாக்டர் என்றே அழைப்பவர். வெண்டைக்காயும் இறாலும் போட்டுக் கம்போ என்றொரு குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றித் தருவார். புளி மட்டும் சேர்ந்தால் நம் வீட்டுக் குழம்புதான். போன மாதம் அவருடைய கார் படுத்துவிட்டதால், அங்கோலா சிறையில் இருக்கும் மகனைப் பார்க்க நான் அழைத்துப் போனேன்.

18,000 ஏக்கர், அப்பா. மூன்று பக்கம் மிசிசிப்பி ஆறு. அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணை அது. அந்த அடிமைகள் வந்த நாட்டின் பெயரே இன்றும் அதன் பெயர். 1865இல் அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தமே, குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய வேலை வாங்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. முதலில் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வேலை வாங்கினார்கள். 1901இல் அரசே ஏற்றுக்கொண்டது. இன்றும் குதிரைமேல் காவலர் நிற்க, கைதிகள் வரிசையாகக் குனிந்து காய் பறிக்கிறார்கள். வயலில் பலருக்கு மணிக்கு 2 சென்ட் கூலி, சிலருக்கு அதுவும் இல்லை. வெண்டையும் அங்கே கையால் பறிப்பதுதான். அதைக் கேட்டதும், நம் கிணற்றடிப் பாத்தியில் பறித்துவிட்டுச் சுணை அரிக்கிறதென்று அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைப்பது கண்ணில் வந்து நின்றது. திரும்பும்போது ஓரமாக வண்டியை நிறுத்திச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டியின் மகனுக்கு ஆயுள் தண்டனை. இந்த மாநிலத்தில் ஆயுள் என்றால் சாகும்வரை. அங்கே சவப்பெட்டி செய்வதும் கைதிகள்தான். தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்த பொதுமக்களான பன்னிரண்டு ஜூரர்களில் இருவர் அவன் குற்றவாளி அல்ல என்றார்கள். அப்போது பத்துப் பேர் போதும். எல்லா ஜூரர்களும் ஒத்துப்போகத் தேவையில்லை என்பது, கறுப்பின ஜூரர்களின் குரல் எடுபடாமல் செய்ய 1898இல் புகுத்திய ஏற்பாடு. 2020இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது; முடிந்துபோன பழைய வழக்குகளுக்கு மட்டும் அது பொருந்தாதாம். மாநில மக்களில் மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர், சிறையிலோ ஏறத்தாழ மூன்றில் இருவர். சில சாதிகளையே குற்றப் பரம்பரை என்று வெள்ளைக்காரன் பதிந்து வைத்த ரேகைச் சட்டக் காலத்தில், எந்தத் திருட்டும் செய்யாத உங்கள் தாத்தாவைப் பிறந்த சாதிக்காக இரவுதோறும் போலீஸ் கச்சேரியில் படுக்க வைத்தார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது.

பாட்டியின் பேத்தி, சிறையே கூடாது என்று ஏஞ்சலா டேவிஸ் என்ற கறுப்பினப் போராளி போன்றோர் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் பக்கம் சேர்ந்தவள். கொலைகாரனை என்ன செய்வாய் என்று கேட்டேன். நாளைக்கே கதவைத் திறக்கச் சொல்லவில்லை என்றாள். புதுச் சிறை கட்டும் பணத்தைப் பள்ளிக்கும் வீட்டுக்கும் போதை மருத்துவத்துக்கும் கொடுத்து, கிழவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பி, இழந்தவனுக்கு என்ன ஈடு செய்வது என்று அவனையே கேட்டு, சிறைக்குத் தேவையே இல்லாமல் செய்ய வேண்டும் என்றாள். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அவளுடைய மாமன் முப்பது வருடம் உள்ளே இருந்ததில், பறிகொடுத்த குடும்பத்துக்கு என்ன திரும்பக் கிடைத்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே புகார் கொடுக்க வேண்டாம், அப்பா. குடிதான் அவனை விற்க வைத்தது. மாமாவையும் சித்தப்பாவையும் உட்கார வைத்துப் பேசி, அவனை மதுரைக்கு அழைத்துப் போய் வைத்தியம் பாருங்கள். பிறகு நம் வயலில் வேலை செய்து கடனைக் கழிக்கட்டும், ஊரில் கொடுக்கும் கூலியைக் குறைக்காமல் கணக்கில் எழுதுங்கள். புது மோட்டாருக்கு இந்த மாதம் பணம் அனுப்ப இயலவில்லை, வங்கியில் ஏதோ தாமதம், ஐப்பசியில் அனுப்பிவிடுவேன். அதுவரை மேற்குக் காட்டுக்கு மாமா கிணற்றிலிருந்து தண்ணீர் விடச் சொல்லுங்கள். அம்மாவிடம் வெண்டை விதை கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்பு மகன்,
பாண்டி