சென்சார் வாங்கும்போதே சர்வர் உரிமத்தையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வகங்களில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களையும் இன்குபேட்டர்களையும் இரவு பகலாகக் கண்காணிக்கும் சென்சார்கள், தங்கள் அளவீடுகளை நெட்வொர்க் வழியாக ஒரு சர்வருக்கு அனுப்புகின்றன. சென்சாரின் விலையை ஒப்பிட்டு, பேரம் பேசி வாங்கும் நிர்வாகங்கள், அந்தச் சர்வரில் இயங்கும் மென்பொருளுக்கான உரிமத்தைப் பற்றி விலைப்புள்ளி கேட்கும் கட்டத்தில் பெரும்பாலும் விசாரிப்பதே இல்லை. ஆய்வக நெட்வொர்க்குகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

சர்வர்களுக்கென மைக்ரோசாஃப்ட் விற்கும் இயங்குதளமான விண்டோஸ் சர்வரின் ஸ்டாண்டர்ட் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். 2016 முதல் அதன் உரிமம் பிராசசர் கோர்களின் (சிப்புக்குள் இருக்கும் தனித்தனிச் செயலகங்களின்) எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு வாங்கியாக வேண்டும். அதைத் தவிர, சர்வரை அணுகும் ஒவ்வொரு பயனருக்கோ சாதனத்துக்கோ ‘கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ்’ தனியாகத் தேவை. பல சென்சார்களை ஒரு கேட்வேயில் (அவற்றின் தரவைத் திரட்டிச் சர்வருக்கு அனுப்பும் இடைக்கருவியில்) இணைத்துவிட்டால் ஒரே லைசென்ஸ் போதும் என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மைக்ரோசாஃப்டின் விதிகள் இதை ஏற்பதில்லை. இடையில் எத்தனை அடுக்குகள் இருந்தாலும் லைசென்ஸ்களின் எண்ணிக்கை குறையாது. இதைத் தாமதமாக அறியும் ஆய்வகம், செலவுக்கு அஞ்சிச் சில ஃப்ரீசர்களை இணைக்காமலே விட்டுவிடக்கூடும். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த மாதிரிகள் அவற்றில்தான் இருக்கும்.

அளவீடுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸின் நிலை இன்னும் ஆபத்தானது. கண்காணிப்பு மென்பொருள்கள் பலவற்றுடன், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு சேர்ந்தே வருகிறது. 2022 வரையிலான வெளியீடுகளில் அதன் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யும் 100 சென்சார்கள் ஓராண்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை எழுதும். வரம்பு நிரம்பியதும் புதிய அளவீடுகள் எழுதப்படாமல் போகும். சென்சாரில் எந்தப் பழுதும் இல்லாததால், யாரேனும் அறிக்கை எடுத்துப் பார்க்கும்வரை அது கவனத்துக்கு வராமலும் போகலாம். தணிக்கையில் தொடர்ச்சியான வெப்பநிலைப் பதிவைக் காட்ட வேண்டிய ஆய்வகத்துக்கு அந்த இடைவெளியை ஈடுகட்ட வழியே இல்லை.

லினக்ஸ் இயங்குதளமும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளும் சாதனங்களை எண்ணிக் கட்டணம் கேட்பதில்லை. பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கும் இடங்களில் அவற்றையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் கருவி நிறுவனத்தின் மென்பொருள் அவற்றில் இயங்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

எனவே, டெண்டர் ஆவணத்திலேயே சில விவரங்களை எழுத்துப்பூர்வமாகக் கோரும்படி ஆய்வக நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாச் சாதனங்களையும் இணைத்த பிறகு எத்தனை லைசென்ஸ் தேவைப்படும், அவற்றை யார் வாங்கித் தருவார், சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது ஆக்சஸ் லைசென்ஸ்களை மீண்டும் வாங்க வேண்டியிருக்குமா என்பவை அதில் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்காணிப்பு மென்பொருளின் சந்தா காலாவதியானாலும் எச்சரிக்கை ஒலியும் குறுஞ்செய்தியும் நிற்காது என்றும், பழைய பதிவுகளை, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரண சிஎஸ்வி அட்டவணைக் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியும் என்றும் விற்பனையாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்த உறுதியைத் தர மறுக்கும் நிறுவனத்தின் கருவியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஆய்வக நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்