ஏழு கிணறும் எட்டு ஒட்சிசனும்

உப்புவெளி, திருகோணமலை
ஆடி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் பிந்தியதற்குக் கச்சான் காற்றைத்தான் சாட்ட வேணும். பகல் முழுக்க முற்றத்து மணலை அள்ளி மேசையில் கொட்டுகிறது, கடுதாசி ஓரிடத்தில் நிற்பதில்லை. இப்போது இரவு பத்து மணி, கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அம்மா சுகம். கண்புரை எடுத்த பிறகு ஊசியில் நூலைத் தானே கோக்கிறார். எனக்கு இன்னும் ஒன்பது நாள் லீவு இருக்கிறது.

நான் யுரேனியத்தோடு வேலை செய்வதைக் கேட்டு உன் மனைவி பயந்ததாக எழுதியிருந்தாய். நான் எடுப்பது சில மில்லிகிராம் தூள், அதுவும் இரண்டு உறைக்குள் ஒட்டியது. யுரேனியம் 238இன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 450 கோடி ஆண்டு, அவ்வளவு ஆறுதலாகத்தான் அது தேயும். தூள் மூச்சோடு உள்ளே போகாமல் பார்ப்பதுதான் எங்கள் பெரிய கவலை என்று அவரிடம் சொல்லு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எக்ஸ்றேயால் எலும்பைப் பார்க்கலாம், இலத்திரனை எப்படிப் பார்ப்பது?

உயர்தர வகுப்பில் ஒட்சியேற்ற எண் (ஓர் அணு எத்தனை இலத்திரனை விட்டுக்கொடுத்தது என்பது) கணக்குச் செய்தோமே, அதில் மூன்று யுரேனியமும் எட்டு ஒட்சிசனும் கொண்ட ஒட்சைட்டு ஒன்று வந்தது. ஒட்சிசன் ஒன்றுக்கு மறை 2 வீதம் எட்டுக்கு மறை 16, அதை ஈடுகட்டும் 16ஐ மூன்றால் பிரித்தால் யுரேனியத்துக்கு 5.33. "இலத்திரனை எப்படி சேர் மூன்றாகப் பிய்க்கிறது?" என்று நீ எழும்பிக் கேட்டாய். "அது சராசரி, அடுத்த கணக்கைச் செய்" என்று சேர் உன்னை இருத்திவிட்டார். மச்சான், அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு இன்றைக்குச் சம்பளம் தருகிறார்கள்.

போன கிழமை அம்மாவோடு கன்னியாவுக்குப் போனேன். ஏழு வெந்நீர்க் கிணறும் கைக்கெட்டும் தூரத்தில் பக்கம் பக்கமாக இருந்தும், ஒன்றின் சூடு மற்றதுக்கு இல்லை. ஏழையும் ஒரு அண்டாவில் ஊற்றிச் சூடு பார்த்தால் ஓர் எண் வரும், பிழையில்லாத எண்தான். ஆனால் அந்தச் சூட்டில் அங்கே ஒரு கிணறாவது இருக்கிறதா என்பதை அது சொல்லாது. நம்முடைய 5.33உம் அண்டாத் தண்ணீர்தான்.

பேப்பரில் இதை இரண்டு விதமாகப் பங்கிடலாம். ஒரு யுரேனியத்துக்கு நான்கு, மற்ற இரண்டுக்கும் ஆறாறு: கூட்டினால் 16. அல்லது இரண்டுக்கு ஐந்தைந்து, ஒன்றுக்கு ஆறு: அதுவும் 16. கூட்டல் கணக்கை வைத்து இதில் எது சரி என்று சொல்லவே முடியாது. அணுவிடமே போய்க் கேட்க வேண்டும்.

பழைய வழி, 17 கிலோ இலத்திரன்வோல்ட்டுக்கு (கதிரின் சக்தியை அளக்கும் அலகு) கொஞ்சம் மேலே இருக்கும் எல்3 விளிம்பில், அதாவது உள்ளே இருக்கும் ஓர் இலத்திரன் கிளம்பத் தொடங்கும் சக்தியில், எக்ஸ்றேயை உறிஞ்ச வைப்பது. வேலை சுகம், ஏனென்றால் அந்தக் கதிர் காற்றையும் மாதிரியின் உறையையும் இலகுவாக ஊடுருவும். ஆனால் கிளம்பும் இலத்திரன் முக்கியமாக 6டி என்ற இலத்திரன் படிக்குப் போகிறது, யுரேனியத்தின் குணமெல்லாம் இருக்கிற 5எஃப் படிக்கு அல்ல. உறிஞ்சலைக் காட்டும் வரைபின் உச்சியும் ஏழெட்டு இலத்திரன்வோல்ட் அகலத்துக்குப் பரந்துவிடும். மழைப் புகாருக்குள்ளால் கோணேசர் மலையைப் பார்ப்பது போல, மலை நிற்பது தெரியும், கோயில் தெரியாது.

புதிய வழிக்கு எடுப்பது எம்4 என்ற இன்னொரு விளிம்பு, அது 3.73 கிலோ இலத்திரன்வோல்ட்டில் இருக்கிறது. அங்கே உட்படியான 3டியிலிருந்து இலத்திரன் நேரே 5எஃபின் வெற்றிடத்துக்குப் பாய்கிறது. பிறகு 4எஃபிலிருந்து ஒன்று இறங்கி ஓட்டையை அடைக்கும்போது வருகிற கதிரை மட்டும் வளைந்த சிலிக்கன் பளிங்குகளால் பொறுக்கி எடுத்தால், உச்சி ஒரு இலத்திரன்வோல்ட் அளவுக்கு ஒடுங்கிவிடும். நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் அப்போது வெவ்வேறு இடத்தில் நிற்கும். கிறிஸ்தீனா குவாஷ்னினாவும் கூட்டாளிகளும் பிரான்சின் கிரனோபிளில் இந்த முறையால் அளந்து 2013இல் வெளியிட்டார்கள். அந்த ஒட்சைட்டில் நான்கு இல்லவே இல்லை. இரண்டு ஐந்தும் ஒரு ஆறும்தான். நாலு யுரேனியம், ஒன்பது ஒட்சிசன் உள்ள இன்னொன்றிலும் நான்கோடு ஐந்துதான் கலந்திருந்தது. ஐந்து நிலையில்லாதது, வந்த வேகத்தில் போய்விடும் என்று படித்தவன் நான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இது வெறும் ஆசைக்குக் கேட்கிற கேள்வி இல்லை. நான்கில் இருக்கும் யுரேனியம் தண்ணீரில் கரையாத குணம், ஆறில் இருப்பது கரைந்து கிணறு வரைக்கும் போகும். எரிபொருள் கழிவைப் புதைக்கிறவனுக்கு அண்டாச் சராசரி போதாது.

போன முறை அளக்கப் போய் நான் அடித்த கூத்தையும் கேள். 3.7 கிலோ இலத்திரன்வோல்ட் கதிர் ஒரு சாண் காற்றுக்குள்ளேயே பெரும்பாலும் செத்துவிடும். அதனால் வழி முழுக்க ஹீலியம் நிரப்பிய பை கட்டுவோம். நடுச்சாமத்தில் சமிக்ஞை மெல்ல மெல்ல விழுந்தது. மாதிரியைச் சந்தேகித்தேன், பளிங்கைத் திருப்பித் திருப்பி ஒழுங்குபடுத்தினேன், விடியப்புறம்தான் பையில் நான் ஒட்டிய ஒட்டுநாடா ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருந்ததைக் கண்டேன். ஆறு மணித்தியாலம் போச்சு. ஒருவரையும் குறை சொல்ல முடியாது, ஒட்டினது இந்தக் கைதான்.

5எஃப் இலத்திரனின் சேட்டை இன்னும் இருக்கிறது. அது வீட்டுக்குள்ளும் இராது, தெருவுக்கும் இறங்காது, விறாந்தையில் குந்தியிருக்கும். யுரேனியம் ஈரொட்சைட்டில் அணுவுக்கு இரண்டு 5எஃப் இலத்திரன், 14 இடத்தில் 12 வெறுமை, சாதாரணக் கணக்கின்படி மின்னைக் கடத்த வேண்டும். கடத்தாது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அங்கங்கே நின்றுவிடும். யுரேனியமும் ஜேர்மானியமும் சேர்ந்த ஒரு சேர்வையோ, அமுக்கத்தின் கீழ் காந்தமாக இருந்துகொண்டே மின்தடையில்லாத மீகடத்தியாகவும் மாறும், 2000இல் கண்டது. நான் இப்போது மினைக்கெடுவது இப்படியான உலோகச் சேர்வைகளோடு. இங்கே உச்சி அசைந்த தூரத்தை அப்படியே ஒட்சியேற்ற எண்ணாக வாசிப்பது, என்னைக் கேட்டால், பெரிய துணிச்சல். வாசித்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

புல்மோட்டை மணலில் இதைச் செய்யலாமா என்றும் கேட்டிருந்தாய். அங்கே மொனசைட்டு என்ற கனிமத்தில் இருப்பது, யுரேனியத்தோடு ஒப்பிட்டால், முக்கியமாகத் தோரியம். அதற்கு 5எஃபில் இலத்திரனே இல்லை, சேர்வைகளில் பெரும்பாலும் நான்கோடு நின்றுவிடும். நல்ல பிள்ளை, ஆனால் கதைக்க விஷயமில்லை. யுரேனியமும் கலந்து வருகிற தோரியனைற்று என்ற கனிமத்தை 1904இல் இலங்கையில் கண்டுபிடித்தவர் நம் ஆனந்த குமாரசுவாமி என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லு. கலை எழுதியவர் என்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாற போயா லீவுக்கு வவுனியாவிலிருந்து காலை பஸ் எடுத்தாயென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே நிற்பாய். அம்மா கணவாய்க் கறி வைப்பதாகச் சொல்கிறார். பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா, பின்னேரம் கன்னியாவுக்குப் போய் ஏழையும் அளப்போம்.

உன் பழைய வாங்குத் தோழன்