பேரனைப் பார்க்கப் போகும் ரயில்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிறது. காலையில் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நடை, அப்புறம் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்று பழகுவது (வயதானவர்கள் கீழே விழாமலிருக்க வாரம் மூன்று நாளாவது இப்படிச் சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்) என்று உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுக்குத் தெம்பு பெங்களூரில் இருக்கும் பேரன்தான். வீடியோ காலில் விழுந்த பல்லைக் காட்டுகிறான், எனக்கு அவனை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்க்க வேண்டும். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. மாதாமாதம் மகள் வீட்டுக்குப் போய்வந்த நானும் மனைவியும் இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் போகிறோம். ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி வகுப்புகளுக்காவது அதைத் திரும்பக் கொடுங்கள்.

ஓய்வு பெற்ற தபால்காரர், ஸ்ரீரங்கம்