பச்சைப் புள்ளியை நம்பித்தான் வருகிறோம்: நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூரிலிருந்து தொப்பூர் வரைக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து பிரிந்து வாணியம்பாடிப் பக்கமும் ஊத்தங்கரைப் பக்கமும் போகும் சாலைகளில் சார்ஜிங் நிலையம் நடத்துகிற கம்பெனிக்காரர்களுக்கும், அதற்கு இடம் விட்டிருக்கிற ஓட்டல், பெட்ரோல் பங்க் முதலாளிகளுக்கும் வணக்கம்.

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மின்சாரக் கார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊருக்குள் ஓட்ட எந்தக் கவலையும் இல்லை, ராத்திரி வீட்டுப் பிளக்கில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வண்டி தயார். பேச வந்தது வெளியூர்ப் பயணம் பற்றி. சென்னைக்கோ மதுரைக்கோ கிளம்புகிறோம் என்றால் எங்கே நிறுத்துவது, எங்கே சார்ஜ் போடுவது என்று முந்தின நாளே உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு முழுக்க, மெஷின் ஓடுகிறது என்று நீங்கள் ஆப்பில் காட்டும் ஒரு பச்சைப் புள்ளியின் மேல்தான் நிற்கிறது. அந்தப் பச்சை பல நேரங்களில் உண்மையைச் சொல்வதில்லை. இந்த மடல் எழுதக் காரணம் அதுதான்.

புது மெஷின் வையுங்கள் என்று கேட்க வரவில்லை. வைத்தால் சந்தோஷம். ஆனால் இருக்கிற மெஷின் ஓடுகிறதா இல்லையா என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெட்ரோல் வண்டிக்காரருக்கு ஒரு பங்க் மூடியிருந்தால் அடுத்த பங்க். எங்களுக்கு அப்படி இல்லை. வீட்டிலிருந்து நூறு சதவீதத்தோடு கிளம்பினாலும் இருபது சதவீதத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் திட்டம் போடுகிறோம். ஒரு மெஷின் போய்விட்டால் மாற்றாக இன்னொன்று எட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும் என்பதால் வழியில் முழுசாக ஏற்றிக்கொள்ளவும் முடியாது, ஏற்றினால் பின்னால் நிற்கிறவருக்கு அநியாயம். அதனால் உள்ளது இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்தான். இதில் ஒரு மெஷின் ஏமாற்றினால் மாற்று மெஷினுக்குப் போகிறோம், அங்கே ஏற்கெனவே இரண்டு கார் நின்றால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் சாயங்காலம் போய்ச் சேருகிறோம்.

நம் சாலையில் இன்னொரு விஷயம் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. சேலத்திலிருந்து பெங்களூரு நோக்கி வரும்போது வழி முழுக்க ஏற்றம். முதலில் தொப்பூர் கணவாய், அப்புறம் கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை, சூளகிரி. சேலத்துக்கும் ஓசூருக்கும் உயரத்தில் சுமார் 600 மீட்டர் வித்தியாசம். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து இரண்டு டன் எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்கவே மூன்று யூனிட்டுக்கு மேல் கரன்ட் வேண்டும், சமதளத்தில் இருபது கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது பிரேக் பிடிக்கிற பிடியில் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பி வரும், ஏறும்போது யார் தருவார்கள்? கார் திரையில் காட்டிய தூரம் தொப்பூர் ஏறி முடிப்பதற்குள் மளமளவென்று குறைவதைப் பார்த்துப் புதுசாக ஓட்டுகிறவர்கள் பயந்துவிடுகிறார்கள். ஆகவே பெங்களூரு போகும் பக்கத்தில் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிற மெஷின்கள், எதிர்ப்பக்கத்தில் இருப்பவற்றைவிட முக்கியமானவை. பராமரிப்புக்கு உங்களிடம் ஆள் குறைவு என்றால் முதலில் இந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

பக்கம் என்றதும் சொல்ல வேண்டும். ஆப்பில் 'இரண்டு கிலோமீட்டர்' என்று காட்டுகிறது, போய்ப் பார்த்தால் நிலையம் சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் தடுப்பு. திரும்புவதற்குப் பாலம் வரும்வரை ஓட்டி, திரும்பி, சார்ஜ் போட்டு, மறுபடி எதிர்த்திசையில் ஓட்டி இன்னொரு பாலத்தில் திரும்பி வர வேண்டும். பத்து சதவீதத்தில் நிற்கிற வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறையிலேயே சாலையின் இரண்டு பக்கமும் என்றுதான் போட்டிருந்தது. அது முழுசாக நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை ஆப்பில் நிலையத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'சேலம் போகும் பக்கம்', 'பெங்களூரு போகும் பக்கம்' என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். சர்வீஸ் ரோட்டில் எங்கே இறங்க வேண்டும் என்பதையும். ஒரு பைசா செலவில்லாத வேலை.

இப்போது பச்சைப் புள்ளிக்கு வருகிறேன். மெஷினுக்குள் ஒரு சிம் இருக்கிறது, அது உங்கள் சர்வருக்கு 'நான் இருக்கிறேன்' என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தகவலை வைத்துத்தான் பச்சை காட்டுகிறீர்கள். ஆனால் வண்டியில் சொருகுகிற கன்னின் பூட்டு சிக்கியிருப்பதும், முன்னால் ஒரு டீசல் வேன் நிறுத்தியிருப்பதும், வெயிலில் திரை வெளுத்து ஒரு எழுத்தும் தெரியாமல் இருப்பதும் அந்தச் சிம்முக்குத் தெரியாது. கடைசியாக எத்தனை மணிக்கு ஒரு வண்டி அங்கே வெற்றிகரமாகச் சார்ஜ் ஆனது என்று காட்டுங்கள். இன்று காலை 11 மணிக்கு ஒரு கார் ஏற்றிப் போயிருக்கிறது என்றால் தைரியமாக வருவோம். மூன்று நாளாக ஒரு வண்டியும் ஏற்றவில்லை என்றால் புள்ளி எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அடுத்த இடத்தைப் பார்ப்போம். இந்தக் கணக்கு உங்கள் சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் காசு வாங்கியதே அதை வைத்துத்தானே.

அம்மாவுக்குச் சென்னையில் கண் பரிசோதனை முடித்துத் திரும்பும்போது நடந்ததைச் சொல்கிறேன். வாணியம்பாடி தாண்டும்போது பார்த்தேன், கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒரு ஓட்டல் வளாகத்து மெஷின் பச்சை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அங்கே வந்தால் திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ எரர். வண்டியில் 14 சதவீதம். அம்மா கண்ணில் மருந்து விட்டதால் வெளிச்சம் பட்டாலே கூசுகிறது, துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்திருக்கிறார். மெஷினில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். இந்தியில் பேசினார்கள், அப்புறம் ஆங்கிலத்தில். எரர் நம்பரைக் கேட்டார்கள், புகார் பதிந்துவிட்டோம், 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிடும் என்றார்கள். 48 மணி நேரம்!

நான் நின்று பேசுவதைப் பார்த்து ஓட்டலிலிருந்து டீ மாஸ்டர் வந்தார். மெஷின் பக்கவாட்டில் இருந்த சிவப்பு அவசரப் பொத்தானைக் காட்டி, "சின்னப் பசங்க யாராச்சும் அமுக்கியிருப்பாங்க சார், அடிக்கடி இப்படித்தான் ஆகுது" என்று அதைக் கையால் பிடித்து வலப்பக்கம் திருகினார். டக்கென்று வெளியே வந்தது. திரை அணைந்து மறுபடி எழுந்தது, உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது, கன்னைச் சொருகியதும் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. உங்கள் கம்பெனி ஆள் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டேன். இல்லை, முன்பு சார்ஜ் போட வந்த ஒருத்தர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

கம்பெனிக்காரர்களே, உங்கள் மொத்த கால்சென்டர் செய்யாததை அந்த மனிதர் ஒரு நிமிஷத்தில் செய்தார். ஒவ்வொரு இடத்திலும் பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர், வாட்ச்மேனோ கல்லாவில் இருப்பவரோ, அரை நாள் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள். அவசரப் பொத்தானை விடுவிப்பது, மெஷினை அணைத்துப் போடுவது, சிக்கிய கன்னை எடுப்பது, இவ்வளவுதான். உள்ளே கை வைக்கச் சொல்லவில்லை, அது ஆபத்து, அது உங்கள் டெக்னீஷியன் வேலை. அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். அவர் நம்பரை மெஷினில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். தமிழ் பேசுகிற ஒருவர் போனை எடுக்க வேண்டும், தமிழ்நாட்டின் நடுவில் நின்றுகொண்டு இதைக் கேட்க வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது கரன்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணைமின் நிலையத்தில் என்றைக்கு ஷட்டவுன் என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது, பேப்பரிலும் வருகிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரன்ட் இருக்காது என்று பக்கத்துத் தையல்கடைக்காரருக்கே தெரிந்திருக்கும்போது, நாமக்கல்லிலிருந்து கிளம்பி வருகிறவருக்கு மட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. அந்த அறிவிப்பைப் பார்த்து, 'நாளை இந்த நேரம் வரை இயங்காது' என்று முந்தின நாளே ஆப்பில் போடுவது ஒரு ஆளின் பத்து நிமிஷ வேலை.

மெஷினின் சக்தியையும் உள்ளபடி எழுதுங்கள். 60 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. நம்பி வந்து சொருகினால், பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் நிற்பதால் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடுகிறது. 40 யூனிட் பேட்டரியை இருபதிலிருந்து எண்பதுக்கு ஏற்ற 24 யூனிட் வேண்டும். அரை மணி நேரம் என்று நினைத்து வந்தவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பகிர்ந்துகொள்வது தப்பில்லை, இரண்டு பேரும் காத்திருக்காமல் ஏற்றிக்கொள்ளலாம். 'இரண்டு வண்டி இருந்தால் தலா 30' என்று எழுதிவிட்டால் நாங்கள் அதற்கேற்றபடி சாப்பாட்டு நேரத்தை வைத்துக்கொள்வோம்.

பணம் கட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்பணம், அங்கே நூறு இங்கே இருநூறு என்று முடங்கிக் கிடக்கிறது. டீக்கடையில் ஒரு கியூஆர் ஸ்கேன் செய்து பன்னிரண்டு ரூபாய் கட்ட முடிகிறது. உங்களிடமும் அப்படி முடிய வேண்டும். சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் ஓடிபி வரவில்லை என்று வண்டியை நிறுத்திவிட்டு மொபைலைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் நடக்கிற வயதானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டல் முதலாளிகளுக்குத் தனியாக. பெட்ரோல் போட வருகிறவர் ஐந்து நிமிஷத்தில் போய்விடுவார். சார்ஜ் போட வருகிற குடும்பம் முக்கால் மணி நேரம் உங்கள் இடத்தில்தான் இருக்கும், டிபன் சாப்பிடும், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கும். ஆகவே மெஷினைக் கொண்டுபோய் லாரி நிற்கிற இருட்டு மூலையில் வைக்காதீர்கள். மேலே ஒரு கூரை, நல்ல விளக்கு, சுத்தமான கழிப்பறைக்கு வழி, இது போதும். என் தங்கை ஓசூரிலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வருவாள். எந்த நிலையத்தில் நிறுத்தலாம் என்று அவள் முடிவு செய்வது மெஷினின் வேகத்தைப் பார்த்து இல்லை, அங்கே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத்தான். அப்புறம், சார்ஜிங் இடத்தில் மற்ற வண்டிகள் நிற்காமல் உங்கள் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டால் பெரிய உதவி.

விசேஷ நாட்களில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின ராத்திரி பெங்களூருவிலிருந்து ஊருக்குத் திரும்புகிற கூட்டம் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நிற்கிற நிலையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெங்களூருவிலிருந்து பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்களில் பலர் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாகத்தான் போகிறார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் கூட்டம் தருமபுரி வழியாக. இந்த நாட்கள் எல்லாம் காலண்டரிலேயே இருக்கின்றன. அன்றைக்கு மட்டும் ஒரு ஆளைப் போட்டு, ஒரு நோட்டில் வண்டி எண்ணையும் வந்த நேரத்தையும் எழுதி வரிசைப்படி விடுங்கள். 'காத்திருப்பவர் இருந்தால் 80 சதவீதத்தோடு எடுத்துவிடவும்' என்று ஒரு பலகை வையுங்கள். யார் முதலில் வந்தது என்று அங்கே நடக்கிற சண்டையைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, பிள்ளைகள் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு உரிமையோடு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலை, ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி என்று நாடு முழுக்க ஓடுகிற மின்சார ஸ்கூட்டர்களில் கணிசமான பங்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உருவாகிறது. எங்கள் தெருவிலிருந்தே பெண் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். மின்வண்டி என்றால் இந்தப் பகுதி என்று பேர் வந்துவிட்டது. மின்சாரக் காரில் வருகிறவர் நம் சாலையில் தவித்து நிற்கக் கூடாது என்ற ஆசை எனக்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும் என்றே நம்புகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. இந்த மாத ஷட்டவுன் அறிவிப்பு வந்ததும் உங்கள் நிலையம் அதில் வருகிறதா என்று பார்த்து ஆப்பில் ஏற்றுங்கள். அந்த வாரத்திலேயே ஓட்டல் ஆட்களுக்குச் சிவப்புப் பொத்தானை எப்படித் திருகுவது என்று காட்டிவிடுங்கள். மற்றதைப் பற்றி நேரில் பேச வேண்டும் என்றால் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கூட்டம் போடுங்கள், கார் வைத்திருக்கிற நாங்கள் சில பேர் கட்டாயம் வருகிறோம்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஒரு மின்சாரக் கார் உரிமையாளர்