‘அதில் ஆளே இல்லையே’ என்று சொல்லும் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மேசைக் கணினிக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். விண்டோஸ், மேக் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸுக்கு ஒரு பதிப்பு வேண்டும் என்று யார் கேட்டாலும் நீங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: “அதில் ஆளே இல்லையே.” கூடவே சந்தைப் பங்கு வரைபடம் ஒன்றையும் நீட்டுகிறீர்கள்.

நீங்கள் அடிக்கடி காட்டும், ஸ்டாட்கவுன்டர் என்ற இணையப் புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்கு ஆட்களை எண்ணுவதில்லை. தன் நிரல் பதிந்த இணையதளங்களில் எத்தனை பக்கங்கள் திறக்கப்பட்டன என்றுதான் எண்ணுகிறது. அந்தப் பக்கங்களைத் திறக்கும் உலாவி, ‘நான் இன்ன இயங்குதளத்தில் ஓடுகிறேன்’ என்று ஒரு வரியை அனுப்புகிறதே, அது அதைவிட வேடிக்கை. விண்டோஸ் 11-இல் ஓடும் உலாவியும் அந்த வரியில் ‘விண்டோஸ் என்டி 10.0’ என்றே சொல்லும். ஆப்பிளின் சொந்தச் சில்லு பொருத்திய புத்தம்புது மேக்கில் சஃபாரி இன்னமும் தன்னை ‘இன்டெல் மேக்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறது.

இந்த வரியை நம்பித்தான் உங்களில் சிலர் வாசலிலேயே மறிக்கிறீர்கள். உங்கள் இணையச் செயலியை லினக்ஸிலிருந்து திறந்தால் ‘உங்கள் இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை’ என்று வருகிறது. அந்த வரியில் மட்டும் விண்டோஸ் என்று மாற்றிவிட்டுத் திறந்தால் பல நேரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. மாற்றியவர் அதை அப்படியே விட்டுவிட்டால், அடுத்து எந்தத் தளத்துக்குப் போனாலும் விண்டோஸ் கணக்கில்தான் ஏறுவார். பிறகு அதே கணக்கைக் காட்டி ஆள் இல்லை என்கிறீர்கள்!

வரைபடம் ஏறி இறங்குவதெல்லாம் பயனர்களின் விருப்பமும் அல்ல. 2012-இல் வந்த விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்தபோது பலர் விண்டோஸ் 7-ஐ விட்டு அசையவில்லை, அது விருப்பம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்தது வேறு கதை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத, பழைய சிபியு சில்லு கொண்ட கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. புதுக் கணினி வாங்கியவரை ‘விண்டோஸ் 11-ஐ விரும்பினார்’ என்று எழுதிக்கொள்வது நியாயமா?

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் ஆள் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை 2018-இல் வெளியிட்டது. 2022-இல் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியைக் கொண்டுவந்தது. ஸ்டீம் கணக்கெடுப்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே கிடந்த லினக்ஸ், 2025 அக்டோபரில் 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆதரவு முதலில் வந்தது, ஆட்கள் பிறகு வந்தார்கள்.

எல்லோரும் நாளையே லினக்ஸ் பதிப்பு தாருங்கள் என்று கேட்கவில்லை. வாசலில் மறிப்பதை முதலில் நிறுத்துங்கள். ‘இதில் நாங்கள் சோதிக்கவில்லை’ என்று எழுதிவிட்டு உள்ளே விடுங்கள், போதும். அடுத்த கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் போடும் முன், லினக்ஸ் பதிப்பு கேட்டு உங்கள் உதவிப் பிரிவுக்கு எத்தனை மின்னஞ்சல் வந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும் ஒரு லினக்ஸ் பயனர்