ஸ்கேற் சாணையில் கூர் வேறு, குழிவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளை முதன்முதலாக ஐஸ் ஹொக்கியில் சேர்க்கும் பெற்றோருக்கென உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். தலைக்கவசம், கழுத்துக் காப்பு, கையுறை, முழங்காற் காப்பு ஆகிய ஒவ்வொன்றையும் எப்படி அளவு பார்த்து வாங்குவது என்று தமிழில் இவ்வளவு பொறுமையாக எழுதியமைக்கு நன்றி. ஆயினும் ஐஸில் சறுக்கும் காலணியான ஸ்கேற்றைப் பற்றிய பகுதி, அதன் அடியிலுள்ள உலோகத் தகடான பிளேட்டை நன்றாகக் கூராக்கி அணிவியுங்கள், கூர் கூடக்கூட நல்லது என்ற அளவில் முடிந்துவிட்டது. அந்த வரியிலுள்ள அதே எண்ணத்தை நம்பித்தான் நானும் என் மகளின் முதல் இரண்டு மாதங்களை வீணாக்கினேன் என்பதால், அதைத் திருத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வீட்டுக்குக் கிட்டவிருந்த ஒரு கடையில் ஸ்கேற்றைக் கொடுத்து, 'நல்ல கூராக வேண்டும்' என்று கேட்டேன். கடையில் இருந்த இளைஞர் பிள்ளையின் நிறையையும் கேட்கவில்லை, அவள் ஓடப் பழகிவிட்டாளா என்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் சாணை பிடித்துக் கையில் தந்தார். அன்று மாலையே அவள் ஓட்டத்தை நிறுத்த முயன்ற ஒவ்வொரு தடவையும் பிளேட் ஐஸில் குத்திக்கொண்டு முன்னால் விழுந்தாள். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் வலக்கால் வழுக்கிப் போயிற்று. பிள்ளைக்குப் பயம், அதனால்தான் உடம்பை விறைத்துக்கொள்கிறாள் என்று பயிற்றுநர் சொன்னார். நானும் வீட்டுக்குப் போகும் வழியில் அவளைக் கண்டித்தேன். எட்டு வாரங்களுக்குப் பின்னர், அணியின் உபகரணங்களைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் ஸ்கேற்றைத் தலைகீழாகப் பிடித்து, பிளேட்டின் மேல் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்துக் காட்டினார். நாணயம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிழை பிள்ளையில் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவளைக் கண்டித்த அந்தப் பயணங்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

ஊரில் சாணைக்காரரிடம் அரிவாளையும் கத்திரிக்கோலையும் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அங்கே கேள்வி ஒன்றுதான்: வெட்டுகிறதா, வெட்டவில்லையா? ஹொக்கி ஸ்கேற்றின் பிளேட் கத்தியைப் போன்றதன்று. அதன் அடிப்பக்கம் 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான அகலம் கொண்டது. வட்டமாக வளைந்த முகமுள்ள சாணைக்கல் அந்த அடிப்பக்கத்தின் நெடுகிலும் ஓடி, நடுவில் நீளமான ஒரு குழிவை வெட்டுகிறது. குழிவின் இருபுறமும் எஞ்சி நிற்பவையே உள்விளிம்பும் வெளிவிளிம்பும். நேராகச் செல்லும்போது இரண்டு விளிம்புகளும் ஐஸைத் தொடுகின்றன. திரும்பும்போது ஒருவர் தம் முழு நிறையையும் ஏதோவொரு விளிம்பின் மீது சாய்க்கிறார். ஆகவே ஒரு பிளேட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. விளிம்புகள் கூராக, பிசிறின்றி உள்ளனவா? இரண்டும் ஒரே உயரத்தில் உள்ளனவா? நடுவிலுள்ள குழிவு எவ்வளவு ஆழமானது? நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன், அதுவும் அரைகுறையாக.

குழிவைக் கடைகளில் 'ஹொலோ' என்பார்கள். அதன் அளவு, சாணைக்கல்லின் முகம் எந்த ஆரமுள்ள வட்டத்தின் துண்டு என்பதைக் குறிக்கும் எண். அது அங்குலத்தில் சொல்லப்படும். 3/8, 7/16, 1/2, 5/8, 3/4, 1 என்பவை வழக்கமாகக் கேட்கும் அளவுகள். எண் சிறிதானால் வட்டம் சிறிது, குழிவு ஆழம், ஐஸில் பிடிப்பு அதிகம். எண் பெரிதானால் குழிவு மேலோட்டமானது. பிடிப்புக் குறைந்து வழுக்கல் இலகுவாகும். புதிதாக வருகிற பெற்றோர் பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய எண்ணைக் கேட்டால் பெரிய பிடிப்புக் கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள்.

இந்த வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரியாதவை. பிளேட்டின் அகலத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், 1/2 அங்குலக் குழிவின் நடு ஆழம் ஏறத்தாழ 0.08 மில்லிமீற்றர், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பு. 3/8 என்றால் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், 1 அங்குலம் என்றால் 0.04 மட்டுமே. விளிம்பின் கோணமும் அதற்கேற்ப மாறுகிறது: 1 அங்குலத்தில் ஏறத்தாழ 87 பாகை, 1/2 அங்குலத்தில் 84 பாகை, 3/8 அங்குலத்தில் 82 பாகைக்குக் கிட்ட. தாளில் எழுதினால் அற்பமாகத் தெரியும் இந்த இரண்டு மூன்று பாகைகளை, ஐஸில் காலை வைத்த கணத்திலேயே ஒரு குழந்தையின் கணுக்கால் உணர்ந்துவிடுகிறது. 1 அங்குலத்திலும் விளிம்பு சவரக்கத்தி போலக் கூராக இருக்கலாம், 3/8 அங்குலத்திலும் அது மழுங்கிப்போயிருக்கலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மழுங்கிய பிளேட்டை 'இன்னும் கூராக்குங்கள்' என்று கொடுக்கும்போது, விளிம்பைப் புதுப்பிப்பதற்குப் பதிலாகக் குழிவையும் சேர்த்து ஆழமாக்கிவிடுகிற கடைகள் உண்டு. எங்களுக்கு நடந்ததும் அதுவே. சாய்ந்த விளிம்போடு 3/8 அங்குலக் குழிவும் சேர்ந்துகொண்டது.

அப்படியானால் எந்த அளவைக் கேட்பது? நிறையே முதலாவது காரணி. பாரமானவரின் விளிம்பு ஐஸில் தானாகவே ஆழமாக இறங்கும் என்பதால் அவருக்கு ஆழக் குழிவு தேவையில்லை. 200 இறாத்தல் நிறையுள்ள ஒரு வளர்ந்தவருக்கு 5/8 அல்லது 3/4 போதுமானது, அதைவிட ஆழமாக வெட்டினால் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் கால் களைக்கும். 50 இறாத்தல் பிள்ளைக்கு அந்த அளவைக் கொடுத்தால் விளிம்பு ஐஸைப் பிடிக்காமல் மேலே வழுகிப்போகும். இந்தக் காரணத்தினால் சில பயிற்றுநர்கள் சிறுவர்களுக்கு நேராகவே 3/8 என்கிறார்கள். அவர்களுடைய நியாயம் விளங்குகிறது. ஆயினும் ஐஸில் நிற்கவே இப்போதுதான் பழகும் பிள்ளையின் விடயத்தில் நான் அதை ஏற்கமாட்டேன். ஒரு பிள்ளை முதலில் கற்பது, இரண்டு பாதங்களின் முன்பகுதியையும் உள்நோக்கித் திருப்பி, பிளேட்டைப் பக்கவாட்டில் ஐஸோடு உராய்த்து வேகத்தைக் குறைக்கும் முறையாகும். பிளேட் உராய்வதற்கு முதலில் கொஞ்சம் வழுக்க வேண்டும். குழிவு மிக ஆழமாக இருந்தால் அது வழுக்காமல் கொழுவிக்கொள்கிறது, பிள்ளை முகங்குப்புற விழுகிறது. இப்படிச் சிலமுறை விழுந்த பிள்ளை நிற்கப் பயந்து, சுற்றுச் சுவரில் போய் மோதியே நின்று பழகிவிடும். ஆகவே 1/2 அங்குலத்தில் தொடங்குங்கள். இடம் வலம் இரு பக்கமும் ஓட்டத்தை நிறுத்தத் தெரிந்து, வேகமாகத் திரும்பும்போது கால் வழுக்குகிறது என்று பிள்ளையே சொல்லும் காலத்தில் 7/16க்குப் போகலாம். ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் மாற்றி, மாற்றியபின் மூன்று நான்கு பயிற்சிகளுக்காவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

ஐஸும் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. உள்ளரங்குகளில் ஹொக்கிக்கென அதை −5 பாகை செல்சியஸை ஒட்டி வைத்திருப்பார்கள். அல்பேர்ட் கம்பல் சதுக்கத்திலும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்திலும் உள்ளவை போன்ற திறந்தவெளித் தளங்கள் தை மாதக் கடுங்குளிரில் கல்லாக இறுகிவிடும். அங்கே விளிம்பு இறங்குவது கடினம், சற்று ஆழமான குழிவு உதவும். பங்குனி மாத வெயிலில் அதே தளம் இளகி நீர் கசியும்போது ஆழக் குழிவு புதையும். இதற்காக வாரந்தோறும் அளவை மாற்றச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியில் தடுமாறிய பிள்ளை செவ்வாய்க்கிழமை உள்ளே நன்றாக ஓடினால், காரணத்தை வானிலையிலும் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள். கோல் காப்பாளரின் கணக்கு வேறானது. பக்கவாட்டில் சறுக்குவதற்காக முன்பு 3/4, 1 என்று மேலோட்டமாகவே வெட்டினார்கள். இன்று முழங்காலில் இறங்கியபடியே உந்தி நகரும் ஆட்டமுறை வந்தபின் பலர் 1/2 அங்குலத்துக்கும் அதற்குக் கீழும் போகிறார்கள். இதைப் பயிற்றுநரோடு பேசித் தீர்மானிப்பதே சரி.

கடையிலிருந்து ஸ்கேற்றை வாங்கும்போது, காசு கொடுக்கும் முன் அங்கேயே செய்யவேண்டிய சோதனை அந்த முதியவர் எனக்குக் காட்டியதுதான். ஸ்கேற்றைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு நாணயத்தைப் பிளேட்டின் குறுக்கே இரண்டு விளிம்புகளிலும் படுமாறு வைத்து, குதிக்காற் பக்கமிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நாணயமும் பிளேட்டும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஒரு விளிம்பு உயர்ந்துவிட்டது என்று பொருள். சாணைக்கல்லின் நடுவுக்கு நேரே பிளேட்டைப் பிடிக்காதபோது இப்படி ஆகிறது. முன்பகுதி, நடு, பின்பகுதி என்று மூன்று இடங்களில் பாருங்கள். பின்னர் நகத்தின் மேற்புறத்தை விளிம்பின் குறுக்காக மெல்ல இழுத்தால் நகம் சிறிது சீவப்பட வேண்டும். ஒரு விளிம்பு சீவி மற்றது சீவாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். விரலை விளிம்பின் நெடுகே ஒருபோதும் ஓட்டக் கூடாது. ஓரங்களில் உலோகப் பிசிறு நின்றால், கையால் தேய்க்கும் சிறு கல்லை வைத்து இரு பக்கமும் வழித்துத் தரும்படி கேட்கலாம். இவற்றைக் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விகளை விரும்புகிறார் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இன்னொரு கெடுதல் மெதுவாக நிகழ்வது. பக்கவாட்டில் பார்த்தால் பிளேட் நேர்கோடாக இராது. ஒரு தோணியின் அடி போல மிக இலேசாக வளைந்திருக்கும். அந்த வளைவின் ஆரம் அடிக்கணக்கில், பொதுவாக 9 முதல் 11 அடி வரையில் இருக்கும். ஐஸை எவ்வளவு நீளம் தொடுகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. அவசரத்தில் வேலை செய்பவர் முன்னும் பின்னும் அதிகமாக அழுத்தித் தேய்த்தால் அந்த முனைகள் மெல்ல மெல்ல உருண்டுபோகும். ஒரு பருவம் முழுவதும் இப்படித் தேய்ந்த ஸ்கேற்றில் பிள்ளைக்கு நிலையாக நிற்கவே வராது. ஒரே கடையில், இயலுமானால் ஒரே ஆளிடம், தொடர்ந்து கொடுப்பதற்கு இதுவே வலுவான காரணம்.

புதிதாக வாங்கும் ஸ்கேற் கூராகவே வரும் என்று நம்பி நேரே ஐஸில் இறக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை, முதல் அணிதலுக்கு முன்பே சாணை பிடிக்க வேண்டும். அதன்பின் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால், வளர்ந்தவர்களுக்கு ஐஸில் 10 முதல் 15 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை என்பது பரவலான கணக்கு. இலேசான பிள்ளைகளுக்கு அது இன்னும் சற்று நீளும். ஆனால் உடைமாற்றும் அறையிலிருந்து சீமெந்துத் தரையில் நான்கடி நடந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். இறப்பர் விரிப்புக்கு வெளியே கால் வைக்க நேர்ந்தால் கடின உறை போட்டுத்தான் நடக்க வேண்டும். விளையாடி முடிந்து ஸ்கேற்றைக் கழற்றியதும் கடின உறையை நீக்கி, பிளேட்டைத் துடைத்து, நீரை உறிஞ்சும் துணி உறையைப் போட வேண்டும். கடின உறைக்குள்ளேயே பையில் கிடந்தால் இரண்டு நாளில் துருப்பிடிக்கும். ஃபிகர் ஸ்கேற்றிங் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: அந்த பிளேட்டின் தடிப்பும் முன்முனைப் பற்களும் வேறு, சாணை பிடிக்கும் முறையும் வேறு. ஹொக்கி ஸ்கேற்றை மட்டும் செய்து பழகியவரிடம் அதைக் கொடுக்காதீர்கள்.

நம்மவர்களிடையே ஸ்கேற்றுகள் கைமாறுவது வழக்கம். பெரியம்மாவின் மகன் வளர்ந்ததும் சின்னம்மாவின் மகளுக்கு வந்து சேரும். அது நல்ல வழக்கம். பிள்ளையின் கால் ஒவ்வோராண்டும் வளரும்போது புதிது வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆனால் அந்தப் பையன் 110 இறாத்தல், 5/8 அங்குலத்தில் ஓடினான் என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. எனவே நான் இப்போது ஒரு சிறு அட்டையில் பிள்ளையின் நிறை, குழிவின் அளவு, கடைசியாகச் சாணை பிடித்த திகதி ஆகிய மூன்றையும் எழுதி ஸ்கேற் பைக்குள் வைத்திருக்கிறேன். கடையில் வேறொருவர் நின்றாலும் அட்டையை நீட்டினால் போதும். ஸ்கேற் அடுத்த பிள்ளைக்குப் போகும்போது அட்டையும் சேர்ந்து போகிறது.

பருவம் தொடங்கப் பல குடும்பங்கள் இந்த வாரங்களில் கடைக்குப் போகவிருப்பதால், 'கூர் கூடக்கூட நல்லது' என்ற அந்த வரியைத் திருத்தி, முதல் ஆண்டுப் பிள்ளைக்கு 1/2 அங்குலம் என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும் என்பதையும், நாணயச் சோதனையையும் அதே விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு ஹொக்கிப் பிள்ளையின் தாய்,
ஸ்காபரோ.